ராஜா ஜோடியைக் கீழே வைக்காதவனுக்கு

மகனுக்கு,

நீ போனில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு எடை போட வரிசையில் நின்றபோது கேட்டேன். இரண்டாம் தடவை லயத்து அறைக்கு வந்து, உன் பெண்டாட்டி மலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டேன். மூன்றாம் தடவை தனியாகக் கேட்டேன், ஏதாவது ஒரு நல்ல வார்த்தையை நான்தான் தவறவிட்டுவிட்டேனோ என்று. தவறவிடவில்லை. ஏழு நிமிடம் பேசியிருக்கிறாய். சீட்டாட்டத்தில் ஜீப் போனதற்கு மழை காரணம், சீட்டு காரணம், கொச்சியிலிருந்து வந்த குரங்குக் குல்லாக்காரர் காரணம். உன் பேர் மட்டும் அந்தப் பட்டியலில் வரவே இல்லை. கடைசியில் வண்டிப்பெரியாரில் என் பேரில் இருக்கும் மூன்று சென்டையும் அதில் நிற்கும் இரண்டு அறை வீட்டையும் உன் பேருக்கு எழுதச் சொல்கிறாய். அதை வைத்து கோவாவில் ஒரு பெரிய போக்கர் ஆட்டத்தில் உட்காரப் போகிறாயாம். ஜீப்பையும் வீட்டையும் சேர்த்து மீட்டு வருவாயாம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் போனை அணைத்துவிட்டு உலை வைக்கப் போயிருப்பேன். "கல்யாணத்துல நாலு பேர் முன்னாடி சொன்னியேம்மா, அந்த எடம் என் மகனுக்குன்னு. நீதானே சொல்லிக்கொடுத்தே, விளிச்சவன் ஆடித்தான் தீரணும்னு" என்று என் வார்த்தையையே எடுத்து என் மேல் எறிந்திருக்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். இதில் முடியாது.

முதலில் உனக்குத் தெரிந்ததையே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், தெரியாதவன்போல் நடப்பதால். சித்திரையோடு எனக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தவள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். முப்பத்தாறு வருஷம் நான் அடுப்பெரித்த அறை எனக்குச் சொந்தமில்லை, கம்பெனிக்குச் சொந்தம். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் கொடுத்து வேலைக்கு வந்தால் லயம் நிற்கும். நீ வரமாட்டேன் என்றாய், ஜீப் ஓட்டப் போனாய், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த இரண்டு அறையை விட்டால் நான் போய்ப் படுக்க இந்த மலையில் வேறு கூரை கிடையாது. உனக்கு அது ஆட்டத்தில் உட்கார ஒரு சீட்டு. எனக்கு அது தலைக்கு மேல் ஓடு.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். நம் லயத்தில் மழைக்கு வேலை நின்றால் இருபத்தெட்டு ஆடுவோம். நாலு பேர், இரண்டு கட்சி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அந்த நாலை மட்டும் பார்த்து, எங்கள் கட்சி இத்தனை புள்ளி எடுக்கும் என்று விளிக்க வேண்டும். மீதி நாலு சீட்டு அதன் பிறகுதான் கைக்கு வரும். அது குப்பையாக வந்தாலும் விளியை மாற்ற முடியாது, தலையெழுத்தே என்று ஆட வேண்டியதுதான். உனக்குப் பத்து வயது. நீயும் நானும் ஒரு கட்சி, உன் அப்பாவும் சித்தப்பாவும் எதிர்க்கட்சி. முதல் நாலில் உனக்கு இரண்டு ஜாக்கி. நம் ஆட்டத்தில் ஜாக்கிக்கு மேல் சீட்டு கிடையாது. நீ முழங்காலில் எழுந்து நின்று இருபது என்று கத்தினாய். மீதி நாலும் வந்தது, ஏழும் எட்டுமாக. இரண்டு கை ஆடிப் பார்த்துவிட்டு சீட்டைக் கவிழ்த்து வைத்து, "முடியாதும்மா, நான் விட்டுர்றேன்" என்றாய். ஓங்கி அறைந்தேன். சீட்டைப் பொறுக்கி உன் கையில் திணித்து, "விளிச்சவன் ஆடித்தான்டா தீரணும். விட்டுட்டுப் போறவன் இந்த வீட்டுல பொறக்கல" என்றேன். எட்டுக் கையும் ஆட வைத்தேன். தோற்றோம். தோற்றவன் காதில் குணுக்கு என்று எதையாவது தொங்கவிடுவது வழக்கம், சிரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுவார்கள். நான் உன் இரண்டு காதிலும் துணிக் கிளிப்பில் பலா இலையைத் தொங்கவிட்டு, அப்படியே பைப்படிக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பினேன். பொம்பிளைகள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். நீ அழுதுகொண்டே குடத்தைத் தூக்கி வந்தாய், இலையை மட்டும் கழற்றவில்லை. என் பிள்ளைக்கு ரோஷம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உன் அப்பா மட்டும், "ஏன்டி சின்னப் பயலப் போட்டு வதைக்கிறே? தோத்துட்டோம்னு தெரிஞ்சுதானே கீழ வச்சான்" என்றார். அவர் வாயை அடைத்துவிட்டேன். அந்த மனுஷன் சொன்னதில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்திருக்கிறது, இப்போது யோசித்தால்.

போன வருஷ மழையில் நீ எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தாய். பணத்துக்குப் பதில் காப்பிக்கொட்டை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். "லிமிட்டே கெடையாதும்மா, அதான் கெத்து" என்றாய். நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எப்போது விலகலாம் என்று கேட்டேன். "எப்ப வேணாலும். பிடிக்கலன்னா சீட்டைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த கைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்" என்றாய். "இது என்னடா வெக்கங்கெட்ட ஆட்டமா இருக்கு" என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்த ஆட்டத்தில் இருக்கிற ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உனக்கும் உறைக்கவில்லை, நீ என் வயிற்றில் பிறந்தவன். அன்றைக்கு எனக்கு இரண்டு ராணி வந்தது. நடுவில் ஏஸ் விழுந்த பிறகும் விடாமல் கொட்டை அத்தனையும் தள்ளித் தோற்றேன். "அதான் எங்கம்மா!" என்று நீ தொடையில் தட்டினாய். மெச்சிக்கொண்டோம், இரண்டு முட்டாள்களும்.

நீ ஜீப் ஓட்டின சின்னக்கானலில் நடந்ததை, நீ சொன்னதை வைத்தும் மலர் சொன்னதை வைத்தும் நான் எனக்குள் ஆடிப் பார்த்துவிட்டேன். மழை எச்சரிக்கை வந்து மலைக்கு ஜீப் ஏறக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மத்தியானம். காட்டேஜில் மாட்டிக்கொண்ட சுற்றுலாக்காரர்கள் நாலு பேர், ஐந்தாவது ஆளாக நீ. குரங்குக் குல்லா போட்ட அந்தப் பெரியவர் இரண்டு மணி நேரமாக நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டு வந்த சீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாயாமே, பயந்தாங்கொள்ளி என்று. உனக்கு இரண்டு ராஜா வந்தது. ஏற்றினாய், சரிதான். ராஜா ஜோடி வந்தால் ஏற்றாதவன் ஆடவே உட்காரக் கூடாது. மற்றவர்கள் விலகினார்கள், அவர் மட்டும் கூட வந்தார். நடுவில் எட்டு, ஒன்பது, பத்து விழுந்தது. நீ மறுபடி வைத்தாய், அதுவும் போகட்டும். அவர் சிப்ஸ் பாக்கெட்டை மடித்துக் கீழே வைத்துவிட்டு அதைப்போல் மூன்று மடங்கு ஏற்றினார். மகனே, அங்கே நீ எழுந்து ஜன்னலண்டை போய் மழையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் எதற்கும் வாயைத் திறக்காத மனுஷர் வாயைத் திறந்தால், அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். நீ உன் கையில் இருந்த ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாய், எதிரில் இருந்தவரைப் பார்க்கவில்லை.

அடுத்து ஒரு இரண்டு விழுந்தது, யாருக்கும் உதவாத சீட்டு. அவர் முன்னால் இருந்தது எல்லாவற்றையும் தள்ளினார். உன்னிடம் அவ்வளவு இல்லை. அந்த ஆட்டத்தில் முன்னால் இருப்பதை மட்டும் வைத்தால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது என்று நீயேதான் எனக்குச் சொன்னாய். அவரும் கேட்கவில்லை. நீயாக ஓடிப் போய் ஜீப்பிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்திருக்கிறாய். "வேண்டாம் மோனே, அது உன் வயித்துப்பாடு" என்று அந்தப் பெரியவர் சொன்னாராம். அந்தக் காட்டேஜில் சமையலுக்கு இருந்த மலர், டீ கொண்டுவந்தபோது தன் காதால் கேட்டிருக்கிறாள். உன் ஏழு நிமிடத்தில் அது இல்லையே, ஏன்? விலகச் சொன்னால் உனக்கு அது அவமானம். பைப்படியில் பலா இலையோடு நின்ற பயல் உனக்குள் எழுந்துகொண்டான். கடைசிச் சீட்டும் விழுந்து, திறந்து காட்டினால் அவர் கையில் ஜாக்கியும் ராணியும். எட்டிலிருந்து ராணி வரைக்கும் ஐந்தும் வரிசையாக நின்றது, எந்த ஜோடியையும் விழுங்குகிற வரிசை. நடுவில் மூன்று சீட்டு விழுந்த நிமிஷத்திலேயே நீ செத்துப்போயிருந்தாய், அதற்குப் பிறகு ஆடியதெல்லாம் உன் பிணம். "ரெண்டு ராஜாவ யாராவது தூக்கிப் போடுவாங்களாம்மா?" என்று கேட்கிறாய். போடுவார்கள். ஜீப் வைத்திருக்கிறவர்கள் போடுவார்கள். பெரிய ஜோடி முதல் இரண்டு சீட்டில் மட்டும்தான் பெரியது. பிறகு ஒவ்வொரு சீட்டு விழும்போதும் அது இன்னும் பெரியதுதானா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நீ ஒரு தடவை ராஜா என்று பார்த்ததும் பட்டாபிஷேகம் பண்ணிவிட்டாய்.

இதையெல்லாம் உன்னைத் திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் திட்டுகிற தகுதி எனக்கு எவ்வளவு என்றும் சொல்லிவிட வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லாதது. உன் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நான்தான் கம்பத்து நாட்டு வைத்தியரிடம் கூட்டிப் போனேன். முதல் வாரம் தெளிந்தார். லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இன்னும் மூன்று வாரத்தில் மனுஷன் ஃபேக்டரிக்குப் போவார் பாருங்கள் என்று. டிஸ்பென்சரி நர்ஸ் வீட்டுக்கே வந்து, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கண்ணைப் பாருங்க" என்றாள். அவளோடு சண்டை போட்டு அனுப்பினேன். மூன்றாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது, மருந்து கேட்கவில்லை என்று. தெரிந்தும் செவ்வாய்க்கிழமை தவறாமல் குமுளிக்குப் போய் பஸ் மாறி மலையிறங்கினேன், அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு. ஒரு வளைவில் வாந்தி எடுத்துவிட்டு, "போதும்டி, வேற எங்கயாவது பாப்போமே" என்றார். "இன்னும் ஒரு வாரம்" என்றேன். ஊர் முன்னால் சொன்னதை மாற்றிக்கொள்ள எனக்கு வெட்கம். பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. உன்னிடம் விதி என்று சொன்னேன். அது பொய். உன் அப்பாவைக் கொன்றது காமாலை பாதி, நான் பாதி. நீ ஜீப்பைத்தான் தோற்றாய். நான் தோற்றது உனக்கு இப்போதுதான் தெரிகிறது. என்னை வெறுக்க வேண்டுமென்றால் வெறுத்துக்கொள், காரணம் சரியாக இருக்கட்டும்.

இவ்வளவு தெரிந்தவள் என்ன செய்திருப்பாள் என்று நினைக்கிறாய்? உன் பேச்சைக் கேட்ட மூன்றாம் நாள் நிலப் பட்டயத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன், உனக்கு எழுதிக் கொடுக்க. சிரிக்காதே. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. மலர் கூட வந்தாள். ஜீப் போன மறுநாள் நீ அவளை லயத்தில் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு. வழியில் அவள் போக வேண்டாம் என்று தடுக்கவில்லை. நானும் பாதியில் இறங்கவில்லை. நம் மூன்று பேருக்கும் ஒரே வியாதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆதாரம் என்று இங்கே சொல்கிற பத்திரத்தை எழுதுகிறவர், நான் போனில் சொன்னபடி எல்லாம் அடித்துத் தயாராக வைத்திருந்தார். வராந்தாவில் நாற்காலி போட்டு, மலையாளத்தில் வாசித்து, எனக்காகத் தமிழிலும் சொன்னார். என் மகன்மேல் எனக்குள்ள சினேகத்தாலும் வாத்ஸல்யத்தாலும் இஷ்டதானமாகக் கொடுக்கிறேன் என்று வந்தது. எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த சினேகம்னு வருதே, அத எடுத்துரலாமா?" என்றேன்.

"அது இல்லாம இஷ்டதானம் எழுத பற்றில்ல சேச்சி, முடியாது. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதறது" என்றார்.

"எனக்கு இவன்மேல இப்ப சினேகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சொல்லிட்டேனேன்னுதான் குடுக்கிறேன்."

அவர் பேனாவை நீட்டியபடியே மலரைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். நனைந்த குடையோடு தூணண்டை நின்றிருந்தாள். "நீ என்ன சொல்றே?" என்று கேட்டேன்.

"நான் என்னத்தச் சொல்ல அத்தை? ஜீப்ப வைக்கும்போது என்கிட்ட யாரும் கேக்கல. அதுல என் நகையும் இருந்துச்சு. கோவாவுக்குப் போறதையும் கேக்கல. நீங்க பஸ் ஏறும்போதும் கேக்கல. ஒப்புப் போடப் போற நேரத்துல கேக்குறீங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. இந்தப் பெண் எத்தனை மாதமாகச் சிப்ஸ் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். "நான் விட்டுர்றேன். இது வேணாம்" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை. காது இரண்டும் தீயாய் எரிந்தது. வராந்தா முழுக்க என்னைத்தான் பார்த்துச் சிரிக்கிறது என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்தார், ஒருவர் தூங்கினார், ஒரு அம்மா கோந்து தடவிக்கொண்டிருந்தாள். ஒரு ஆள்கூட என்னைப் பார்க்கவில்லை. இந்த வெட்கத்துக்காகவா உன்னை அறைந்தேன், இதற்காகவா அந்த மனுஷனை வளைவுக்கு வளைவு இழுத்துக்கொண்டு போனேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிறகு அதே ஆதாரத்தில் மகன் என்கிற இடத்தில் மருமகள் என்று மாற்றி எழுதச் சொன்னேன். மருமகள் என்றால் முத்திரைச் செலவு கூடும் என்றார், கூடட்டும் என்றேன். மலர் மறுத்தாள். "எனக்கு வேணாம் அத்தை, அவரு வந்து என்னையத்தான் புடிச்சு உலுக்குவாரு" என்றாள். "உலுக்கினாலும் நீ குடுக்காதே. ஆட்டத்துக்கு வைக்க அவன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு ஆயிரும், அது நல்லதுதான். ஒப்புப் போடு" என்றேன். சினேகம், வாத்ஸல்யம் எல்லாம் அப்படியே இருக்கட்டுமா என்று அவர் கேட்டார். அவள்மேலும் எனக்கு அப்படியொன்றும் உருகுகிற பாசம் கிடையாது, உனக்குத் தெரியும், அவள் வைக்கிற சாம்பாரே எனக்கு ஆகாது. இருந்தாலும் இருக்கட்டும் என்றேன். அன்றைக்கே பதிவாகிவிட்டது. இரண்டு பேரும் வெளியே வந்து டீ குடித்தோம்.

ஆக, நீ கேட்ட இடம் இல்லை. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை மாற்றிக்கொண்டேன், அந்த நாலு பேரிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். ஒருத்தி, "அதுக்கென்னக்கா" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய ஆரம்பித்தாள். கோவாவுக்குப் போகிறதென்றால் போ, தடுக்கவில்லை. ஜெயித்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், தோற்றால் கட்டாயம் சொல்ல வேண்டாம். போகாமல் சின்னக்கானலுக்கே திரும்பி, உன் ஜீப்பை இன்னொருவன் ஓட்ட, நீ இன்னொருவன் ஜீப்பைக் கூலிக்கு ஓட்டினால், அதைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள் என்று உனக்குத் தோன்றும். சிரிக்க மாட்டார்கள். நான் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், அவரவர் வேலை அவரவருக்கு.

லயத்தைக் காலி செய்ததும் எங்கே போவது என்று இன்று காலை மலரிடம் கேட்டேன். வீடு அவளுடையது, கேட்க வேண்டும் அல்லவா. "அடுக்களைப் பக்கத்து ரூமை எடுத்துக்குங்க அத்தை. ஆனா வீட்டுல சீட்டுக்கட்டு இருக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன். உன்னைப் பற்றியும் கேட்டேன், அவன் வந்தால் என்று. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். பிறகு, "வந்து அவரே கேக்கட்டும்" என்றாள். கேட்டுப் பார். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. என் சிபாரிசை எதிர்பார்த்து வராதே, நானே அங்கே கேட்டு வாங்கின இடத்தில்தான் படுக்கப் போகிறேன்.

அம்மா